ஒரு சாண் மண்ணுக்குக் கீழே

பிரேசிலின் தலைநகர் பிரசிலியாவை அடுத்துள்ள பிளானல்டினாவில், 1970களில், மக்காச்சோளத்துக்கு மணிச்சத்தை எந்த உரமாகக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று கண்டறியச் சோதனைப் பாத்திகள் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் மழைக்காலத்தின் நடுவிலேயே மழை அடியோடு நின்று, ஓரிரு வாரம் வெயில் கொளுத்துவது வழக்கம். ‘வெரானிக்கோ’ என்று அதற்குப் பெயர். அப்படி ஒரு வெயிலில் டிரிபிள் சூப்பர் பாஸ்பேட் போட்ட பாத்திகளில் பயிர் இலை சுருண்டு துவண்டது. சாதாரண சூப்பர் பாஸ்பேட் போட்ட பாத்திகளில் பச்சை குலையாமல் நின்றது. மணிச்சத்து இரண்டிலும் உண்டு. தோண்டிப் பார்த்தபோது, நின்ற பயிரின் வேர் ஆழமாக இறங்கியிருந்தது. அந்த ஆழத்தில் கால்சியமும் இருந்தது. சாதாரண சூப்பர் பாஸ்பேட்டில் ஏறத்தாழப் பாதி எடை ஜிப்சம். டிரிபிள் சூப்பரில் அது இல்லையென்றே சொல்லலாம். கால்சியத்தை மண்ணுக்குள் இறக்கி வேரை ஆழப்படுத்துவது பற்றி ரிச்சி, சௌசா, லொபாட்டோ, கொரேயா ஆகிய நால்வர் 1980இல் வெளியிட்ட கட்டுரைக்கு இந்த வேறுபாடே வித்து.

அமில மண்ணைத் திருத்துவது என்றால் சுண்ணாம்பு போடுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தவறில்லை. ஆனால் கலப்பை புரட்டுவது ஒரு சாண் ஆழம். போட்ட சுண்ணாம்பும் பெரும்பாலும் அந்த ஒரு சாணிலேயே தங்கிவிடுகிறது. அதற்குக் கீழே மண் பழைய மண்தான். மழை தவறாமல் பெய்யும் வரை இது கண்ணுக்குத் தெரியாது. பத்து நாள் மழை தவறினால்தான் தெரியும்.

அமிலம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வேரைக் கெடுப்பது பெரும்பாலும் அமிலத்தைவிட அதனால் கரைந்து வெளிவரும் அலுமினியம். பூமியின் மேலோட்டில் மிகுதியாக உள்ள உலோகம் அதுவே; எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு. களிமண்ணிலும் பாறைத் துகளிலும் கட்டுண்டு கிடக்கும்வரை யாருக்கும் தொல்லையில்லை. கார அமில நிலை 5.5க்குக் கீழே இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கி, 5க்குக் கீழே வேருக்கு நஞ்சாகும் அளவை எட்டுகிறது. அந்த அளவுகோலில் ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. மூன்று மின்னேற்றம் கொண்ட அலுமினிய அயனியோ, வேதிச் சமநிலைக் கணக்கின்படி, ஆயிரம் மடங்கு பெருகும். 5.5க்கும் 4.5க்கும் இடையே உள்ள தூரம் காகிதத்தில் தெரிவதைவிடப் பெரியது என்பது இதனால்தான். ஊட்டியில் ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூப்பதும் இதே அலுமினியத்தின் வேலை. சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும்.

அலுமினியம் தாக்குவது வேர் முழுவதையும் அல்ல. மக்காச்சோள நாற்றுகளை வைத்து 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த நுட்பமான சோதனைகளில், வேர் நுனியின் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் அலுமினியக் கரைசலில் பட்டபோதே வளர்ச்சி நின்றது. நுனியை விட்டுவிட்டு மற்ற வேர் முழுவதையும் நனைத்தபோது வளர்ச்சி நிற்கவில்லை. நுனியில்தான் செல்கள் பிரிந்து நீள்கின்றன. அங்கே செல்சுவரில் கால்சியம் உட்காரும் இடத்தை அலுமினியம் பிடித்துக்கொள்ள, சுவர் இறுகி, செல் நீள முடியாமல் போகிறது. இது சில மணி நேரத்துக்குள் நடந்துவிடும். அப்படிப்பட்ட வேர் குட்டையாகத் தடித்துப் பழுப்பேறி, சல்லிவேர் இல்லாமல் முண்டு முண்டாக இருக்கும். மேலே இலையில் தெரிவது மணிச்சத்துக் குறைபாடோ வறட்சியோதான். எனவே விவசாயி உரம் கூட்டுவார், தண்ணீர் கூட்டுவார். வேரைப் பிடுங்கிப் பார்ப்பவர் குறைவு.

பிரேசிலின் நடுப்பகுதியில் ‘செராடோ’ என்ற புல்வெளிக் காடு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்திருக்கிறது. மண் ஆழமானது, சிவந்தது, நிலம் சமதளம், மழையும் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டரை ஒட்டி உண்டு. ஆனால் பயிர் வராது என்பதுதான் நெடுங்கால நம்பிக்கை. அங்கே 518 இடங்களில் மேல்மண் எடுத்து லோப்பஸ், காக்ஸ் இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்தின் நடுமதிப்பு பத்து லட்சத்தில் 0.4 பங்கு. இல்லை என்பதற்கு மறுபெயர் அது. கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் எல்லாமே அற்பம். மண்துகளின் மேல் கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பங்கு அலுமினியம்.

இந்த மண்ணைப் பயிருக்குப் பழக்கலாம் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் காலின் மக்கிளங். ராக்ஃபெல்லர் குடும்பத்தார் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் 1950களில் வேலை பார்த்த அமெரிக்கர். சுண்ணாம்பு, மணிச்சத்து, கந்தகம், துத்தநாகம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் மண் விளைகிறது என்பதைத் தொட்டிச் செடிகளிலும் வயலிலும் நிறுவினார். 1973இல் எம்ப்ராப்பா என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும், 1975இல் அதன் செராடோ மையமும் வந்தன. 1974 முதல் 1979 வரை வேளாண் அமைச்சராக இருந்த அலிசன் பவுலினெல்லி பணமும் கடனும் சாலையும் அந்தப் பக்கம் திருப்பினார். இவர்கள் இருவருக்கும், மேலே சொன்ன கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான எட்சன் லொபாட்டோவுக்கும் சேர்த்து 2006இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

சுண்ணாம்பு செய்யும் வேலை எளிது. கார்பனேட் அமிலத்தை உண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகிறது. அலுமினியம் கரையாத ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடுகிறது. காலியான இடத்தில் கால்சியம் வந்து அமர்கிறது. பொருளுக்குப் பொருள் வீரியம் வேறு. தூய கால்சியம் கார்பனேட்டை 100 என்று வைத்தால் டோலமைட் 109, நீற்றிய சுண்ணாம்பு 135, சுட்ட சுண்ணாம்பு 179. டோலமைட்டில் மெக்னீசியமும் இருப்பதால், இரண்டும் இல்லாத மண்ணில் அதற்கே முதலிடம். பொடி எவ்வளவு நைசாக இருக்கிறது என்பது வேதியியலுக்குச் சமமான முக்கியம். கல்லும் குருணையுமாக வாங்கிய சுண்ணாம்பு பல ஆண்டு வயலில் கல்லாகவே கிடக்கும்.

எவ்வளவு போடுவது என்பதில்தான் ஒரு நீண்ட குழப்பம் இருந்தது. குளிர்நாட்டுப் பாடநூல்கள் நடுநிலையான 7க்குக் கொண்டுபோகச் சொல்லின. வெப்பமண்டலச் செம்மண்ணில் அப்படிச் செய்தபோது துத்தநாகமும் மாங்கனீசும் பயிருக்குக் கிடைக்காமல் போயின, செலவும் தாங்கவில்லை. வட கரோலினாவைச் சேர்ந்த யூஜின் காம்ப்ராத் 1970இல் முன்வைத்த வழி வேறு: கார அமில எண்ணைத் துரத்தாதே, மண்ணில் எவ்வளவு அலுமினியம் இருக்கிறது என்று அளந்து அதை அடக்கத் தேவையான அளவு மட்டும் போடு. இது சிக்கனத்துக்காகச் சொன்னதாகத் தோன்றலாம். என் பார்வையில், கேள்வியையே மாற்றிய யோசனை அது. அதுவரை மண்ணின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேரின் நோயைப் பார்க்கத் தொடங்கினார்கள். பிரேசிலின் பரிந்துரைகளும் அலுமினியம், கால்சியம், மெக்னீசியம் ஆகிய மூன்றையும் வைத்தே கணக்குப் போடுகின்றன.

ஆனால் அந்த ஒரு சாண் கணக்கு தீரவில்லை. கார்பனேட் தண்ணீரில் கரைவது அரிது; தூய நீரில் லிட்டருக்கு நூறில் ஒரு பங்கு கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அந்தக் கொஞ்சமும் கீழே இறங்கும் வழியில் முதலில் எதிர்ப்படும் அமிலத்திடம் செலவாகிவிடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதியில் இதற்காகவே ஒரு நடைமுறை இலக்கு வைத்திருக்கிறார்கள்: மேல்மண் 5.5க்குக் குறையக் கூடாது, அடிமண் 4.8க்குக் குறையக் கூடாது. மேல்மண்ணை 5.5க்கு மேல் தொடர்ந்து வைத்திருந்தால்தான் மிஞ்சிய காரம் கீழே கசியும். மணற்பாங்கான நிலத்திலேயே அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். ஆழமாக உழுது சுண்ணாம்பைப் புதைப்பவர்களும் உண்டு. டீசல் விலை கட்டுப்படியானால் சரி.

ஜிப்சம் நுழைவது இங்கேதான். கால்சியம் சல்ஃபேட், லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல் கரையும். சுண்ணாம்பைப்போல நூறு மடங்குக்கும் மேல். மழையோடு சல்ஃபேட் இறங்கும்போது மின்னேற்றம் சமப்பட வேண்டுமென்பதால் கால்சியமும் கூடவே இறங்குகிறது. அடிமண்ணில் மூன்று வேலைகள் நடக்கின்றன. கால்சியம் சேர்கிறது. சல்ஃபேட் அலுமினியத்தோடு இணை சேர்ந்து, வேரை அவ்வளவாகத் தாக்காத வடிவமாக்குகிறது. மூன்றாவது செம்மண்ணுக்கே உரியது: இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் மேல் சல்ஃபேட் ஒட்டும்போது அங்கிருந்த ஹைட்ராக்சில் விடுபட்டு, கொஞ்சம் அலுமினியத்தைப் படிய வைக்கிறது. இந்த மூன்றாவதைத் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதிச் செம்மண்ணில் ரீவ், சம்னர் இருவரும் 1972லேயே எழுதிவிட்டார்கள். பிரேசில் பாத்திகளின் மக்காச்சோளம் ஜிப்சத்தின் பலனை வெயிலில் நின்று காட்டியது. மற்றபடி ஜிப்சம் கார அமில எண்ணைப் பெரிதாக அசைக்காது. சுண்ணாம்புக்குப் பதில் ஜிப்சம் என்று யாராவது விற்றால் அது பொய்.

கால்சியம் ஏன் கீழேயே இருக்க வேண்டும், மேல்வேர் உறிஞ்சி நுனிக்கு அனுப்பக் கூடாதா? அனுப்ப முடியாது. கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு மேல்நோக்கித்தான் போகும். இலையிலிருந்து உணவு கீழிறங்கும் குழாயில் அது அநேகமாக ஏறுவதில்லை. எனவே வேர் நுனி தான் நிற்கும் இடத்து மண்ணிலிருந்து தன் கால்சியத்தைத் தானே எடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டு விவசாயிக்கு இது வேறு வழியில் தெரிந்த சேதி. நிலக்கடலைக்கு 40, 45ஆம் நாளில் எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பது எதற்காக? விழுது இறங்கிய பிறகு, மண்ணுக்குள் இருக்கும் காய்க்குச் செடி கால்சியம் அனுப்புவதில்லை. காய் தன் ஓட்டின் வழியே பக்கத்து மண்ணிலிருந்து எடுக்கிறது. இல்லாவிட்டால் பொக்குக் காய். கடலை ஓட்டுக்குள் நடப்பதும் செராடோவில் ஒரு மீட்டர் ஆழத்து வேர் நுனியில் நடப்பதும் ஒரே உடலியல். நம் ஊரில் ஜிப்சத்துக்கு இன்னொரு பெயர் களர் மருந்து. காரம் மிகுந்த களர் நிலத்தில் சோடியத்தைத் தள்ளிவிட்டுக் கால்சியம் உட்காருகிறது. அமில அடிமண்ணில் அலுமினியத்தோடு மல்லுக்கு நிற்கிறது. ஒரே மூட்டை, நேரெதிரான இரண்டு மண்.

பிரேசிலில் சௌசாவும் லொபாட்டோவும் இதை எளிய கணக்காக்கினார்கள். முதலில் 20 முதல் 40 செ.மீ., 40 முதல் 60 செ.மீ. ஆழங்களில் மண் எடுக்க வேண்டும். அங்கே அலுமினியத்தின் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டினாலோ, கால்சியம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தாலோ ஜிப்சம் தேவை. எவ்வளவு? மண்ணின் களி விழுக்காட்டை 50ஆல் பெருக்கினால் எக்டருக்கு இத்தனை கிலோ என்று வரும்; காப்பி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 75ஆல். களி 60 விழுக்காடு என்றால் ஆண்டுப் பயிருக்கு மூன்று டன். பலன் ஐந்தாண்டுக்கும் மேல் நிற்கும். களி கூடக் கூட ஜிப்சமும் கூட வேண்டியிருப்பது, களியோடு வரும் ஆக்சைடுகள் சல்ஃபேட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால்.

அளவு மீறினால் கேடு உண்டு. கால்சியம் கூட்டமாக இறங்கும்போது மெக்னீசியத்தையும் சாம்பல் சத்தையும் வேர் எட்டாத ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். மணல் மண்ணில் இது இன்னும் வேகம். ஆகவேதான் ஜிப்சத்தோடு டோலமைட் சேர்ப்பது வழக்கம்: மேல் சாணுக்கு டோலமைட், கீழ் முழத்துக்கு ஜிப்சம்.

இந்த ஜிப்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். பாஸ்பாரிக் அமில ஆலைகளில் ஒரு டன் மணிச்சத்துக்கு நான்கைந்து டன் என்ற கணக்கில் கழிவாகக் குவியும் பாஸ்போ ஜிப்சம் அது. தூத்துக்குடி, பாரதீப் போன்ற உர ஆலை ஊர்களில் அதை மலையாகப் பார்க்கலாம். அதில் கொஞ்சம் ஃபுளோரைடு ஒட்டியிருக்கும். அலுமினியத்தைப் பிடிக்க அதுவும் உதவுகிறது. ஆனால் பாறையிலிருந்து வந்த ரேடியமும் இருக்கும். அமெரிக்காவில் 1992 முதல், கிராமுக்கு 10 பிக்கோகியூரி ரேடியத்தைத் தாண்டாத ஜிப்சத்தை மட்டுமே வயலுக்கு அனுமதிக்கிறார்கள். நடு ஃபுளோரிடாவின் குவியல்கள் இந்த வரம்பைத் தாண்டுபவை. கழிவை விவசாயியின் தலையில் கட்டுகிறார்கள் என்ற சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். எந்தப் பாறை, எந்த ஆலை என்று அளந்து பார்த்துத் தீர்க்க வேண்டிய சந்தேகம் அது.

மண்ணை மாற்றாமல் பயிரை மாற்றும் வழியும் உண்டு. தென் பிரேசிலின் கோதுமை விவசாயிகள் ‘கிரெஸ்டமெண்டோ’ என்று அழைத்த கருகல் அலுமினியத்தால் வந்தது. அதைத் தாங்கிய பிரேசில் ரகங்களின் குணம் அமெரிக்க ரகங்களுக்கும் போனது. தாங்கும் கோதுமை தன் வேர் நுனியிலிருந்து மாலிக் அமிலத்தை மண்ணில் கசியவிட்டு, அலுமினியத்தை நெருங்குமுன்பே கட்டிப்போடுகிறது. அதற்கான மரபணு 2004இல் கண்டறியப்பட்டது. சோளத்தில் சிட்ரிக் அமிலத்தைக் கசியவிடும் மரபணு 2007இல் தெரியவந்தது. எம்ப்ராப்பாவின் சோள மையத்துக்கு அதில் பங்குண்டு. ஆனால் ரகம் அலுமினியத்தைத் தாங்கும், கால்சியத்தைப் படைக்காது. கால்சியமே இல்லாத அடிமண்ணில் எந்த ரகத்தின் வேரும் நீளாது.

தொழுவுரமும் பசுந்தாள் உரமும் இதே கரிம அமிலத் தந்திரத்தைத்தான் மேல்மண்ணில் செய்கின்றன. மக்கும்போது உண்டாகும் அமிலங்களும் மட்கும் அலுமினியத்தைப் பற்றிக்கொள்ளும். கார அமில எண் ஏறாமலேயே வேர் பிழைக்கும். மரக்கரியில் சாம்பல் இருப்பதால் அமிலத்தையும் சற்றுத் தணிக்கும். ஆனால் இவை எதுவும் போட்ட இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. அவை மேல் சாணின் நண்பர்கள்.

செராடோவின் சொந்த மரங்களுக்கு இந்த மருந்து எதுவும் தேவைப்பட்டதில்லை. குவாலியா, வோக்கீசியா இன மரங்கள் இலையில் அலுமினியத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டே வாழ்கின்றன. பிரசிலியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹரிதாசன் 1980களில் இத்தகைய செடிகளை ஆராய்ந்தார். மிக்கோனியா அல்பிகன்ஸ் என்ற செடியைச் சுண்ணாம்பு மண்ணில் வளர்த்தபோது அது மஞ்சளித்து நலிந்தது. நமக்கு நோயாகத் தெரியும் மண் அவற்றுக்கு வீடு. சுண்ணாம்பும் ஜிப்சமும் மணிச்சத்தும் அந்த வீட்டைச் சோயா வயலாக மாற்றிவிட்டன. செராடோவின் இயற்கைத் தாவரப் போர்வையில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. பிரேசிலின் பெரிய ஆறுகள் பலவற்றின் தலைநீர் அங்கேதான். சோயாவில் உலகின் முதல் நாடு என்ற பெருமையைச் சொல்லும் நூல்கள் இதை அடிக்குறிப்பாக்கிவிடுகின்றன. வேரை ஆழப்படுத்தியதால் அதே ஏக்கரில் கூடுதல் விளைச்சல் கிடைத்தது உண்மை. விளையாது என்று விட்டிருந்த நிலத்துக்கு விலை வந்ததும் அதே வேரால்தான்.

அமிலம் எப்போதும் இயற்கை தந்ததும் அல்ல. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1856 முதல் அம்மோனியம் சல்ஃபேட் போட்டுவரும் பார்க் கிராஸ் புல்வெளியின் சில பாத்திகள், சுண்ணாம்பு படாத பகுதியில், 4க்கும் கீழே இறங்கிவிட்டன. சீனாவின் முக்கிய விளைநிலங்களில் 1980களுக்கும் 2000களுக்கும் இடையே அமிலம் கணிசமாகக் கூடியதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. முதன்மைக் காரணம் தழைச்சத்து உரம். நாம் யூரியா மூட்டையைப் பிரிக்கும்போது கூடவே கொஞ்சம் அமிலத்தையும் பிரிக்கிறோம்.

நீலகிரியில் கணக்கு இன்னும் சிக்கல். தேயிலை அமிலத்தை விரும்பும் செடி, அலுமினியத்தை இலையில் சேர்க்கும் செடி. கவாத்துச் சுற்றையொட்டி அளவாக டோலமைட் போட்டால் போதும். அதே சரிவில் உருளைக்கிழங்கு போட்டவர் சுண்ணாம்பைக் கண்டு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது: அமிலம் தணிந்தால் கிழங்கில் சொறி நோய் தலைதூக்கும். கால்சியத்தைக் கொடுத்துக் காரத்தைக் கொடுக்காத ஜிப்சம் அவருக்குப் பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் ஐம்பதால் பெருக்கும் கணக்கு பிரேசிலின் சமதளச் செம்மண்ணில் பிறந்தது. மட்கு மிகுந்த, சரிவான, மழை கொட்டும் மலையில் சல்ஃபேட் எங்கே போய் நிற்கும், எவ்வளவு சாம்பல் சத்தை இழுத்துக்கொண்டு போகும் என்பதை இங்கே குழி வெட்டி அளந்துதான் சொல்ல முடியும்.

அந்த அளவை நம் கையில் இருக்கும் தாளில் தேடிப் பயனில்லை. மண் மாதிரி எடுக்க நம் விவசாயிக்குச் சொல்லித்தருவது ‘வி’ வடிவக் குழி, ஆழம் 15 செ.மீ. அந்த மண்ணைச் சோதித்து, 2015 முதல் வழங்கிவரும் மண்வள அட்டையில் பன்னிரண்டு கணக்குகள் எழுதித் தருகிறார்கள்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், ஐந்து நுண்சத்துகள், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். அலுமினியம் அந்தப் பன்னிரண்டில் இல்லை. கால்சியமும் இல்லை.